செல்லையா சொல்லாமல் விட்ட பெயர்

ஊழியத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கைமாரே, வருகிற ஞாயிற்றுக்கிழமை யாரையாவது சபைக்கு முன்னால் நிறுத்திச் சாட்சி சொல்லவைக்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். இதைப் படித்துவிட்டு அப்புறம் நிறுத்துங்கள். நிறுத்தவே கூடாது என்று சொல்லவரவில்லை. ஒரு நல்ல சாட்சியைக் கேட்டால் இந்த வயதிலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். என் வீட்டுக்காரியைக் கேட்டால், கேட்காமலேயே அவருக்குச் சிலிர்க்கும் என்பாள். பரபரப்பு என் கூடவே பிறந்தது. பதறாத காரியம் சிதறாது என்று எனக்குச் சொல்லாத ஆள் கிடையாது. பதறினேன், சிதறியது. அந்தக் கதைதான் இது. ஆனால் சிதறிய இடத்தில் நான் கண்டதை நினைத்தால் இப்போதும் எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருக்கிறது.

பிரசங்கத்தை எப்படித் தயாரிப்பது, வீட்டு ஜெபத்தை எப்படி நடத்துவது என்பதையெல்லாம் வகுப்பில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் நான் தலையிடவில்லை. யோசிக்க நேரமில்லாமல் ஒரு பதில் சொல்லியாக வேண்டிய வேளை ஒன்று வரும். அதை வகுப்பில் யாரும் சொல்லித் தரமுடியாது. எனக்கு அது ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது.

ஐம்பதுகளின் நடுவில் என்னைப் போடிநாயக்கனூருக்கு உபதேசியாராக, அதாவது போதகருக்குக் கீழே ஊழியம் பார்க்கிறவனாக, அனுப்பினார்கள். வயது இருபத்தாறு. கரிசல்காட்டில் பிறந்தவன், மலையைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. வாரத்தில் பாதி நாள் போடியிலும் சுற்றுப்பட்டியிலும் வேலை. மீதி நாட்களில் அடிவாரத்து முந்தலிலிருந்து மலை ஏறி, போடிமெட்டைத் தாண்டி, ஏலத்தோட்டங்களில் கூலி வேலை செய்கிற நம் ஜனங்களைப் பார்த்துவர வேண்டும். பஸ்சில் இடம் கிடைத்தால் பஸ்சு, லோடு ஏற்றிப் போகிற ஜீப்புக்காரர் மனது வைத்தால் ஜீப்பு, இரண்டும் இல்லையென்றால் கால். பெரும்பாலும் கால்தான்.

முதல்முறை தோட்டத்துக்குள் நுழைந்தபோது ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நின்ற ஏலச்செடிகளை அண்ணாந்து பார்த்து, இன்னும் காய் பிடிக்கவில்லையா என்று கேட்டுவிட்டேன். வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த குருவிகள் பறந்துவிட்டன. ஏலச்செடிக்குக் காய் மேலே இருக்காது. தூரில், தரையோடு படர்ந்து கிடக்கிற சரத்தில்தான் இருக்கும். குத்தவைத்து உட்கார்ந்து, சருகை விலக்கி, முற்றியதை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். கனியுள்ள வாழ்க்கையைப் பற்றி மூன்று வருஷம் படித்துவிட்டு வந்த பெரிய மனுஷன், காய் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு முதலில் சிரித்தவள் பேச்சி. கடைசியாகச் சிரிப்பை நிறுத்தியவளும் அவள்தான்.

பேச்சியும் அவள் புருஷன் செல்லையாவும் கீழே போடிப் பக்கத்துச் சிலமலை ஊர்க்காரர்கள். மழை பொய்த்து, வயல் வேலை இல்லாமல் அடுப்பில் பூனை படுத்திருந்த ஒரு வருஷத்தில், ராசிங்காபுரத்துக் கங்காணி ஒருவர் அவர்களை மலைக்கு அழைத்துவந்து வேலை வாங்கிக் கொடுத்தார். கங்காணி என்றால் ஆட்களைத் திரட்டி வந்து, வேலை வாங்குகிற தலையாள். தோட்டத்தில் மேனேஜருக்கு அடுத்தபடி அவர் சொல்தான். லயத்தில் ஓர் அறையும் அவர் தயவில்தான் கிடைத்தது. லயம் என்பது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை வீடுகள். வேலை போனால் அன்றைக்கே அறையும் போய்விடும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மறக்காமல் மேலே படியுங்கள். அன்றைக்கு நான் அதைத்தான் மறந்திருந்தேன்.

செல்லையா அதிகம் பேசாத ஆள். ஒரு வருஷம் ஜெபக்கூட்டத்தில் கடைசியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, அந்த வருஷம் ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் எடுத்தார். பேச்சி வரவில்லை. வீட்டுக்கு ஓர் ஆள் போதும் என்று சொல்லிவிட்டாள். நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பாள், உரித்து முடிந்ததும் எழுந்து போய்விடுவாள்.

ஆவணி பிறந்து காய் எடுப்பு மும்முரமாக இருந்த சமயம், ஒருநாள் செல்லையா என்னைத் தனியே கூப்பிட்டார். தோட்டத்தில் காய் எடுக்கும்போது தினமும் கொஞ்சம் மடியில் மறைத்து வந்து, லயத்து அடுப்புக்கு மேலே பரணில் உலர்த்தி, விற்றுக்கொண்டிருந்ததாகச் சொன்னார். ஞானஸ்நானத்துக்கு முன்னமேயே நிறுத்திவிட்டாராம். ஆனாலும் ஜெபத்தில் கண்ணை மூடினால் அந்தப் பரண்தான் தெரிகிறது என்றார்.

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. உண்மையாகவே துள்ளினேன். யாரும் கேட்காமல், யாரும் கண்டுபிடிக்காமல், ஒரு மனிதன் தானாக வந்து இப்படிச் சொல்வதைவிட வேறென்ன கனி வேண்டும்? அங்கேயே அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணினேன். அதோடு விட்டிருக்க வேண்டும். அவருக்கு அதுதான் தேவைப்பட்டது, அது கிடைத்துவிட்டது. ஆனால் எனக்கு அது போதவில்லை. அறுப்பின் பண்டிகை வருகிறது, இதை அப்படியே சபைக்கு முன்னால் சொல்லுங்கள், ஒன்றையும் ஒளிக்காதீர்கள், எத்தனை பேர் மனம் திரும்புவார்கள் பாருங்கள் என்றேன். அவர், நீங்கள் சொன்னால் சரி என்றார்.

இதற்கு அடுத்த வாரம் இன்னொரு காரியமும் செய்தேன். பண்டிகையை ஸ்டோர் முன்னாலிருக்கும் களத்தில் நடத்த அனுமதி கேட்டு மேனேஜரிடம் போனேன். ஸ்டோர் என்பது பச்சைக் காயைச் சூடுகாட்டி உலர்த்துகிற கட்டடம். மேனேஜர் மலையாளத்துப் பக்கத்துக்காரர், கண்டிப்பானவர், கெட்டவர் அல்ல. அனுமதி கொடுத்தார். நானோ அந்தச் சந்தோஷத்தில், ஐயா நீங்களும் கட்டாயம் வரவேண்டும் என்று அழைத்துவிட்டேன். அவரும் வருவதாகச் சொன்னார். மலையில் என் ஊழியத்துக்கு நாற்காலி போட்டு உட்கார ஒரு மேனேஜர் வருகிறார் என்ற பெருமையில் கீழே இறங்குகிற வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தேன்.

இரண்டு ஏற்பாட்டையும் செய்தது ஒரே ஆள். இரண்டும் ஒரே களத்தில் சந்திக்கும் என்று அந்த ஆளுக்குத் தோன்றவில்லை. நம்ப முடியவில்லையா? உற்சாகம் தலைக்கேறியவனுக்கு ஒரு கை செய்வது மறு கைக்குத் தெரியாது.

பண்டிகை நாள் மழை விட்டிருந்தது. பூசணி, வாழைத்தார், முட்டை, ஒரு சேவல் என்று ஜனங்கள் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கிறிஸ்தவர்கள் பத்துக் குடும்பம், வேடிக்கை பார்க்க மொத்த லயமும். முன்னால் மேனேஜர் நாற்காலியில், பக்கத்தில் கங்காணி கைகட்டி நின்றார். பாட்டு முடிந்ததும் செல்லையாவைக் கூப்பிட்டேன். அவர் எழுந்துவந்து மேனேஜரைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். தைரியமாகச் சொல்லுங்கள் என்று தலையை ஆட்டினேன்.

அவர் சொன்னார். ஒளிக்காதே என்று நான் சொன்னதால் ஒன்றையும் ஒளிக்கவில்லை. மடி, பரண், விற்றது எல்லாம். நான் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கங்காணியின் முகம் வெளுத்து, உதடு உலர்ந்திருந்தது. ஆவியானவர் அவரையும் தொட்டுவிட்டார் என்று எண்ணி உள்ளுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன். இதை எழுத எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மேனேஜர் எழுந்தார். சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. போகும்போது செல்லையாவையும் என்னையும் ஆபீசுக்கு வரச்சொல்லிவிட்டுப் போனார்.

ஆபீசில் அவர் சத்தம் போடவில்லை. அதுவே பயமாக இருந்தது. பல மாதமாகக் காய் குறைகிறது, எங்கே போகிறதென்று தெரியாமல் இருந்தேன், இன்றைக்குத் தெரிந்தது என்றார். பிறகு செல்லையாவிடம் திரும்பினார்.

"எடோ, நீ எடுத்தது போகட்டும். வாங்கினவன் யாரு, கூட எடுத்தவங்க யாரு, அந்தப் பேரு எனக்கு வேணும். நாளைக்குக் காலையில பெரட்டுல எல்லார் முன்னாலயும் சொல்லணும். சொன்னா உன் வேலை உனக்கு. இல்லெங்கில் பெட்டியக் கட்டிக்கோ."

பெரட்டு என்பது காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பேர் பதிந்து வேலை பிரித்துக் கொடுக்கிற நேரம். செல்லையா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

லயத்துக்குப் போனோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பேச்சிக்கு அதற்குள் விஷயம் எட்டியிருந்தது. ஏழு மாதக் கர்ப்பிணி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்காமல் நான் கண்ட முதல் நாள் அது.

"ஒங்க வாய்க்கு அவல் கெடச்சுச்சு, எங்க வாயில மண்ணு," என்றாள். "ஒங்க சாமி மன்னிச்சிருச்சு, சரி. இந்தப் புள்ளயப் பெத்துப் போட எடம் யாரு தருவா? சிலமலையில எங்களுக்குக் கூரையும் இல்ல, காணியும் இல்ல. அத நெனச்சுப் பாத்தீகளா உபதேசியாரே?"

நினைத்துப் பார்க்கவில்லை. அப்படியே சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். கோபத்தில் வார்த்தைகள் தானாக வந்துகொண்டிருந்தன. அந்த வார்த்தைகளில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. லயத்தில் பாதிப்பேர் எடுத்தார்கள். எல்லோரிடமும் வாங்கிக் கீழே கொண்டுபோய் விற்றது கங்காணி. களத்தில் அவர் முகம் ஏன் வெளுத்தது என்று அப்போதுதான் புரிந்தது.

புரிந்ததும் என்ன செய்தேன்? மறுபடியும் துள்ளினேன். வழி கிடைத்துவிட்டதே. செல்லையாவிடம், கங்காணி பேரைச் சொல்லிவிடுங்கள் என்றேன். உண்மையைச் சொல்வது பாவமா? மறைப்பதுதான் பாவம். உங்கள் வேலையும் நிலைக்கும், அவர் செய்கிற அக்கிரமமும் நிற்கும் என்று வரிசையாக நியாயங்களை எடுத்து வைத்தேன். வகுப்பில் அப்படிப் பேசியிருந்தால் எனக்கு முதல் பரிசு கொடுத்திருப்பார்கள். பேச்சியும் தலையை ஆட்டினாள். அவளும் நானும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

செல்லையா அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே கேட்டார். முடிந்ததும் மெதுவாகச் சொன்னார்.

"என் பாவத்த நான் சொல்லணும்னு சொன்னீக, சொல்லிட்டேன். அவரு பாவம் அவருக்கும் சாமிக்கும் உள்ளது. அத நான் எடுத்துக் குடுத்து என் வேலைய வாங்கிக்கிறதா? ஏலக்காய எடுத்து வித்தது போதும்யா."

பட்டினி கிடந்த வருஷத்தில் கையைப் பிடித்து மலைக்குக் கூட்டிவந்தவர் அந்தக் கங்காணி. இன்னொன்றும் செல்லையா சொன்னார். அடுத்த மாதம் கங்காணியின் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள், பெரட்டில் பத்துப்பேர் முன்னால் பேர் போனால் அந்தப் பிள்ளையின் கல்யாணமும் போகும். சிறிது நேரம் பேச்சி புருஷனை முறைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து, பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

அன்று ராத்திரி நான் கண்மூடவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் நன்றாகத் தூங்கினேன், அவ்வளவு களைப்பு. போடிக்கு இறங்கி, எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் யோசனை கேட்டு வரலாம் என்றால் ஒரு முழு நாள் ஆகும். யாரும் எனக்குப் பதிலாக யோசிக்க முடியாது.

காலையில் மூடுபனி. பெரட்டுக் களத்தில் பக்கத்து ஆள் முகமே புகைபோலத் தெரிந்தது. மேனேஜர் வந்தார், பேர்கள் பதிந்தார்கள், கடைசியில் செல்லையாவை முன்னால் அழைத்தார். கங்காணி மூன்று முழத் தூரத்தில் நின்றார். தலைப்பாகையின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

இந்த இடத்தில் தம்பிமாரே, தங்கைமாரே, நன்றாகக் கவனியுங்கள். எனக்குத் தெரியாது என்று செல்லையா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். சொன்னவரைக்கும் சொல்லிவிட்டார், பாவம், விடுங்கள் என்று மேனேஜரே விட்டிருந்தாலும் விட்டிருப்பார். அந்தப் பொய்யையும் அவர் சொல்லவில்லை.

"எம்மேல தப்பு இருக்கு சாரே, அதச் சொல்லிட்டேன். மத்தவங்க பேரு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்."

களம் முழுக்க ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. மேனேஜர் அவரையே பார்த்தார். பிறகு, நான் கொஞ்சமும் எதிர்பார்க்காமல், என் பக்கம் திரும்பினார்.

"உபதேசியாரே, நீர் பொய் சொல்லாத ஆளல்லே? உமக்குத் தெரியுமோ?"

எனக்குத் தெரியும். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து தெரியும். கங்காணியின் கை தலைப்பாகையில் நின்றுபோனது. ஒரு பேரைச் சொன்னால் பேச்சி மூட்டையைப் பிரிக்கலாம், குழந்தை கூரைக்குக் கீழே பிறக்கும், என் ஊழியமும் இந்த மலையில் நடக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், பேர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. செல்லையா என்னைப் பார்த்தார். கெஞ்சிப் பார்க்கவில்லை. இவன் என்ன செய்யப்போகிறான் என்று சும்மா பார்த்தார். ஒரு வருஷம் கடைசி வரிசையில் உட்கார்ந்து என் பேச்சைக் கேட்டவர், இப்போது அந்தப் பேச்சுக்கு என்ன மதிப்பு என்று பார்க்கக் காத்திருந்தார்.

"தெரியும் சார். நானும் சொல்ல மாட்டேன்," என்றேன்.

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது.

"மதி, போதும். ரெண்டு பேரும் இறங்கிக்கோ. உபதேசியாரே, இனி இந்தத் தோட்டத்துல கால் வைக்கண்டா."

பத்துக் குடும்பச் சபை அந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டது. செல்லையா தோட்டத்துக் கம்பளியையும் கத்தியையும் திருப்பிக் கொடுத்தார். நாங்கள் மூன்று பேரும் கிளம்பினோம். செல்லையா தலையில் பெட்டி, பேச்சி இடுப்பில் பாத்திர மூட்டை. அதை வாங்கப்போனேன், தரமாட்டேன் என்றாள். மிஞ்சியது அவளுடைய கோழி, கூடையில். அதை என்னிடம் கொடுத்தாள். கர்ப்பிணியை நடத்திக் கூட்டிப்போகிற வெட்கத்தோடு, கையில் கோழிக்கூடையோடு, எல்லோரும் பார்க்க நான் தோட்டத்தைவிட்டு வெளியேறினேன். இருபத்தெட்டு வயதில் என் ஊழியத்தின் லட்சணம் அது.

ஆனால் உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், எனக்குத் துக்கமாக இல்லை. பயம் இருந்தது, இந்தப் பெண்ணை எங்கே தங்கவைப்பது என்ற கவலை இருந்தது. போடியில் என் ஒற்றை அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நான் எங்கள் சபைக் கோவில் வராந்தாவில் படுத்துக்கொள்வதாக முடிவுசெய்தேன். அதற்கெல்லாம் அடியில் ஒரு சந்தோஷம் குபுகுபுவென்று பொங்கிக்கொண்டே இருந்தது. கனி கனி என்று இரண்டு வருஷம் நான் தொண்டை வற்றப் பேசியதை ஒரு மனிதன் பிரசங்கம் ஏதும் பண்ணாமல் செய்து காட்டிவிட்டான், நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அது என் பேச்சால் வந்ததல்ல. என் பேச்சையும் தாண்டி வந்தது.

போடிமெட்டுக்கு அரை மைல் இருக்கும்போது, பின்னால் யாரோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தோம். குறுக்குப் பாதையில் ஒருவர் வழுக்கி வழுக்கி ஓடிவந்தார். முழங்காலெல்லாம் சேறு, தலைப்பாகை இல்லை. அருகில் வந்த பிறகுதான் கங்காணி என்று அடையாளம் தெரிந்தது. அவரைத் தலைப்பாகை இல்லாமல் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

மூச்சு வாங்கவே அவருக்கு வெகு நேரம் ஆயிற்று. செல்லையா பெட்டியை இறக்கி வைத்தார். பேச்சி ஒரு எட்டு முன்னால் வந்து நின்றாள். திட்டுவதற்குத்தான் வந்தாள் என்று நினைக்கிறேன். அதற்கு முன் கங்காணி பேச ஆரம்பித்துவிட்டார்.

"நீ என் பேரச் சொல்லியிருந்தேன்னு வையி செல்லையா, ஒன்னத் திட்டிக்கிட்டே ஆயுசு முழுக்கப் பொழச்சிருப்பேன். நன்றி கெட்டவன்னு ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். சொல்லாமப் போயிட்டியே. இந்தப் புள்ளத்தாச்சி மூட்டையத் தூக்கிட்டு நடக்கிறத நின்னு பாத்தேன். எனக்கு நிக்க முடியல அப்பு. மேனேஜர்ட்ட நானே போய்ச் சொல்லிட்டேன்."

அவருக்குக் கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. அவரை மேனேஜர் வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். சனிக்கிழமைக்குள் மலை இறங்க வேண்டும். காரணத்தை வெளியில் சொல்லவேண்டாம் என்று மட்டும் கங்காணி கேட்டிருக்கிறார், தானாக வந்து சொன்னதால் மேனேஜரும் சம்மதித்திருக்கிறார். ஆனால் ஒரு நிபந்தனை. செல்லையாவைக் கங்காணியே போய் அழைத்துவர வேண்டும், இன்றைக்கே. அந்த அறையும் வேலையும் அப்படியே இருக்கின்றன.

என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியுமா?

"சொன்னாரு. உபதேசியாரும் வரலாமாம். இனிமே கூட்டத்துக்குத் தன்னக் கூப்புட வேண்டாம்னாரு."

பேச்சி சிரித்துவிட்டாள். ஏலச்செடியை நான் அண்ணாந்து பார்த்த அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கங்காணி குனிந்து செல்லையாவின் பெட்டியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். செல்லையா பதறிப்போய், அண்ணே, கொடுங்க என்று தடுத்தார். அவர் கேட்கவில்லை. அந்த மலையில் எத்தனையோ ஆட்களைச் சுமக்கவைத்தவர், தலையில் சும்மாடுகூட இல்லாமல் ஒரு கூலியாளின் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்த வழியே மேலே நடக்க ஆரம்பித்தார்.

கங்காணி பிறகு கிறிஸ்தவரானாரா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆகவில்லை. ராசிங்காபுரத்தில் குத்தகைக்கு நிலம் பிடித்து வெள்ளாமை செய்தார். மகள் கல்யாணம் சொன்ன நாளில் நடந்தது. செல்லையாவும் பேச்சியும் குழந்தை பிறந்த பிறகு அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவரை என் ஊழியத்தின் கனி என்று நான் எந்த அறிக்கையிலும் எழுதியதில்லை. எழுதினால் அது களவு. செல்லையாவின் கனி என்று சொன்னால்கூட அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். மரம் தன் பழத்தைத் தானே தின்று பார்ப்பதில்லை. வருகிறவன் போகிறவன் பறித்துத் தின்கிறான், பசி தீர்கிறது, அதோடு சரி. நம் வாழ்க்கை கனியுள்ளதா என்று நம்மிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. நம் பக்கத்தில் பசியோடு நின்றவனுக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம் அன்றைக்கு நான் யோசித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மலைப்பாதையில் என் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. கங்காணி பெட்டியோடு போகிறார், செல்லையா அவர் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு போகிறார், இதைவிடப் பெரிய பண்டிகை எனக்கு இனி எப்போது வரும்? கோழிக்கூடையைக் கீழே வைத்தேன். எல்லோரும் நில்லுங்கள், இந்த இடத்திலேயே கர்த்தருக்கு ஒரு ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுத்துவிட்டுப் போகலாம் என்று இரண்டு கைகளையும் உயர்த்தினேன்.

பேச்சி திரும்பி மேற்கே வானத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் முகத்தில் கோபம் இல்லை.

"ஜெவத்த நடந்துக்கிட்டே பண்ணுங்க உபதேசியாரே. மழ வருது, கோழிய எடுத்துக்கிட்டு வெரசா வாங்க."

கைகளை இறக்கினேன். கோழியை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே மலை ஏறினேன்.